எட்டு மணிச் சேவல்

மண்ணூர்பேட்டையில் பூங்காவனத்தின் லைன் வீட்டில் ஒரு சேவல் இருந்தது. உலகத்துச் சேவல்களெல்லாம் விடியற்காலையில் கூவ, இது மட்டும் ராத்திரி எட்டு மணிக்குக் கூவும். மழை, வெயில், தீபாவளி, பொங்கல் எதையும் பார்க்காது. அந்தக் கூவலைக் கேட்டுத்தான் எதிர் வீட்டில் தோசைக்கல் அடுப்பேறும். பக்கத்துத் தெருவில் டியூஷன் முடியும். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ராத்திரி ஷிப்டுக்காரர்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வதும் இதைக் கேட்டுத்தான் என்று ஒரு பேச்சு. இதில் ஒரே ஒரு சிக்கல் உண்டு. அந்த வளாகத்தில் சேவலே கிடையாது.

கூவியது எழிலின் போன்.

எழில் குடிவந்த முதல் வாரத்திலேயே பூங்காவனம் கையில் துடைப்பத்தோடு வந்து, கட்டிலுக்கடியில், பரணில், அரிசி டின்னுக்குள் என்று சேவலைத் தேடிவிட்டாள்.

“கோழி, நாயி ஒண்ணும் கூடாதுன்னு சொல்லித்தானே சாவி குட்த்தேன்? எங்கடி ஒளிச்சு வச்சுகினு கீற?”

எழில் போனைக் காட்டினாள். “அலாரம் ஆன்ட்டி. எட்டு மணிக்கு மாத்திரை போடணும், அதுக்குத்தான்.”

“இந்த வயசுல இன்னா மாத்திர?”

“தைராய்டு.”

“தைராய்டுக்கு வெடிகாலையில வெறும் வயித்துல இல்ல போடுவாங்க?”

எழில் ஒரு விநாடி விழித்தாள். “இது ராத்திரித் தைராய்டு ஆன்ட்டி.”

பூங்காவனம் ‘ஓகோ’ என்று தலையாட்டினாள். மறுநாள் மதியத்துக்குள் மண்ணூர்பேட்டை முழுவதற்கும் தைராய்டில் இரண்டு ஜாதி உண்டு என்று தெரிந்துவிட்டது. பூங்காவனத்தின் வாய் அப்படி. ஒரு செய்தியை அவளிடம் சொன்னவர் வாயை மூடுவதற்குள், அது அம்பத்தூர் ஓ.டி.யைத் தாண்டி ஆவடிக்குப் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி, சொன்னவருக்கே புதுச் செய்தியாக வந்து சேரும். அவளுடைய மாமனார் காலத்தில் நெல் விளைந்த நிலம் அது. இப்போது வரிசையாகப் போர்ஷன்கள் விளைந்து மாதாமாதம் அறுவடை. ஆகவே அவளுக்குப் பேச நிறைய நேரம் இருந்தது.

எழிலுக்கு இருந்தது தைராய்டு அல்ல, எச்.ஐ.வி. அம்மாவிடமிருந்து பிறக்கும்போதே வந்தது. பெற்றவர்கள் இருவரும் போன பிறகு முத்தாபுதுப்பேட்டையில் பெரியம்மா வளர்த்தாள். தினமும் ஒரு மாத்திரை, அவ்வளவுதான் வைத்தியம். ரத்தத்தைச் சோதித்தால் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கிக் கிடந்தது. “உனக்கு நூறு வயசும்மா. எனக்குத்தான் சுகர் ஏறிக்கிட்டே போகுது” என்று அவள் மாத்திரை வாங்கும் மருந்து மையத்து டாக்டர் அலுத்துக்கொள்வார். எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ரப்பர் வாஷர்களைச் சோதிக்கும் வேலை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே கோளாறான வாஷரைச் சொல்லிவிடுவாள் என்று அவளுக்குப் பேர். அப்புறம் எதற்கு அந்த ராத்திரித் தைராய்டு? அவளோடு மருந்து வாங்கும் ஒரு பெண் உண்மையைச் சொல்லி வாடகைக்கு வீடு கேட்டுப் பார்த்தாள். இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அந்தச் சேவலுக்கும் ஒரு கதை உண்டு. எழிலைப் போலப் பிறப்பிலேயே நோய் வந்த பிள்ளைகளை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருந்து மையத்தின் பின்பக்க அறையில் கூட்டி, பாட்டு, விளையாட்டு, சுண்டல் என்று வைத்திருந்தார்கள். ‘ஞாயிறு சங்கம்’ என்று பிள்ளைகளே பெயர் வைத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் எட்டு மணிக்கு மாத்திரை. எல்லாருக்கும் அந்த நேரத்தைக் கண்டாலே கசப்பு. அப்போது தேவா என்ற வாண்டுப் பயல் எழுந்து நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு சேவல் கூவல் கூவினான். கடைசியில் குரல் உடைந்து கோழியாக முடிந்தது. பிள்ளைகள் சிரித்துப் புரண்டன. அதைப் பதிவு செய்து எல்லார் வீட்டுப் போனுக்கும் அலாரமாக அனுப்பிவிட்டாள், சங்கத்தில் மூத்தவளான கிருஷ்ணப்பிரியா. அவளுக்கும் பிறப்பிலேயே வந்த நோய்தான். அன்றைக்கே எல்லாரும் கைமேல் கை வைத்து ஒரு சத்தியமும் செய்தார்கள்: நம்மில் ஒருத்தரை ஒருத்தர் வெளியில் காட்டிக்கொடுக்க மாட்டோம்.

அந்தத் தேவா வளர்ந்து மாங்காடு பக்கம் பைக் மெக்கானிக் ஆனான். எழிலைச் சிரிக்கவைத்தே காதலித்தான். மற்ற காதலர்கள் ஆளுக்கொரு ரகசியத்தை மறைத்துக்கொண்டு திண்டாடுவார்கள். இவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. எட்டு மணிக்கு இரண்டு பைகளிலும் ஒரே சேவல் கூவும். ஒரே தண்ணீர் பாட்டிலில் இருவரும் மாத்திரை விழுங்குவார்கள். ஒருமுறை பூந்தமல்லி பஸ்ஸில் இரண்டு சேவல்களும் சேர்ந்து கூவியதில், கண்டக்டர் கோழிக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொல்லிச் சீட்டுக்கடியிலெல்லாம் தேடினார்.

சிரிப்பு அத்தோடு முடிந்தது. கம்பெனி சூப்பர்வைசரோடு பேசினாள் என்று ஒரு நாள் தேவா அவளை ஓங்கி அறைந்தான். அறைந்துவிட்டு அவனே அழுதான். “நம்மள உட்டா நமக்கு யாரு கீறா எழிலு? வெளியில ஒருத்தன் உன்னைத் தொடுவானா?” என்றான். அதுவும் உண்மைதானே என்று அவள் நினைத்தாள். அடுத்த முறை அழுகை வரவில்லை, மிரட்டல்தான் வந்தது.

“ஓவரா பேசுன, உன் ஓனரம்மா காதுல ஒரே ஒரு வார்த்த. உன் பாயி, பக்கெட்டு எல்லாம் ரோட்டுல கெடக்கும், பாத்துக்க.”

சித்திரை வெயிலில் எழில் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தாள். கிருஷ்ணப்பிரியாவிடம் சொல்லலாம் என்று போவாள். நாக்கு நுனி வரை வரும். கைமேல் கை வைத்த சத்தியம் அங்கே வந்து நின்று தடுக்கும். தேவா சங்கத்து ஆள். அவனைப் பற்றிச் சொல்வது காட்டிக்கொடுப்பதுதானே?

ஒரு நாள் சண்டையில் அவள் கைப்பையைப் பிடுங்கி, மாத்திரை டப்பாவை எடுத்துச் சாக்கடையில் எறிந்தான். பஸ்ஸில் குலுங்கிச் சத்தம் வரக்கூடாது என்று டப்பாவுக்குள் அவள் பஞ்சு அடைத்து வைத்திருந்தாள். ஆகவே அது போய் விழுந்தபோதும் ஒரு சத்தமும் வரவில்லை.

அன்று எட்டு மணிக்குச் சேவல் கூவியது. விழுங்க ஒன்றுமில்லை. அத்தனை அடிக்கும் பயப்படாத எழில் அதற்குப் பயந்தாள். மருந்து நின்றால் அடங்கிக் கிடக்கும் கிருமி மறுபடி தலையெடுக்கும் என்பது அவளுக்குத் தாய்மொழி போலத் தெரிந்த பாடம். மறுநாள் பர்மிஷன் போட்டுவிட்டு மையத்துக்கு ஓடினாள்.

கிருஷ்ணப்பிரியா இப்போது அங்கேயே ஆலோசகர். புது மாத்திரைகளை வாங்கிக் கொடுத்துவிட்டு, “இன்னும் நாள் இருக்கே, அதுக்குள்ள எப்படித் தீர்ந்துச்சு?” என்றாள்.

“தண்ணியில விழுந்துடுச்சுக்கா.”

“கையில என்ன?”

“பாத்ரூம்ல வழுக்கிட்டேன்.”

கிருஷ்ணப்பிரியா சட்டைக் கையை மெல்ல ஒதுக்கிப் பார்த்தாள். “பாத்ரூம்ல விழுந்தா அஞ்சு விரலும் தனித்தனியா பதியுமாடி? எந்த ஊரு பாத்ரூம் அது, கை முளைச்ச பாத்ரூமு?”

எழில் அழுதாள். அழுகைக்கு நடுவே, “சத்தியம் பண்ணியிருக்கோமேக்கா” என்றாள்.

கிருஷ்ணப்பிரியா அவள் சட்டைக் கையை இறக்கிவிட்டாள். “அந்தச் சத்தியத்தைக் கண்டுபிடிச்சதே நான்தான். அப்ப ஸ்கூல் படிச்சிட்டிருந்தேன். வெளியாளுங்களுக்குப் பயந்து போட்ட வேலி அது. வேலிக்கு உள்ள இருக்கறவனே அடிப்பான்னு அப்ப எனக்குத் தோணலடி.” பிறகு சொன்னாள்: “நம்பிச் சொன்ன விஷயத்தை நம்ம சம்மதமில்லாம வெளியில சொல்லக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. அடிக்கறதுக்கும் சட்டம் இருக்கு. வா, பெண்கள் உதவி எண் 181-க்கு இப்பவே பேசலாம்.”

“வேணாம்க்கா. நானே முடிச்சுக்கறேன்.”

“தனியா மட்டும் அவனைப் பார்க்காத. நாலு பேர் இருக்கற இடத்துல பேசு. டூட்டி முடிஞ்சதும் நானும் வந்துடறேன்.”

வெளியே வந்ததும் எழில் தேவாவுக்கு மெசேஜ் அனுப்பினாள்: ‘நமக்குள்ள இனிமே ஒண்ணும் இல்ல.’ பதில் உடனே வந்தது: ‘சாயந்தரம் உன் ஊட்டாண்ட வரேன். நாலு பேரு இருக்கும்போதே பேசிக்கலாம்.’

கிருஷ்ணப்பிரியா சொன்ன அதே நாலு பேர். அந்த ஒரே வார்த்தையைச் சொல்லத்தான் வருகிறான் என்று எழிலுக்குப் புரிந்தது.

ஏழரை மணிக்குப் பூங்காவனம் மோட்டார் போடுவாள். லைன் வீட்டுப் பெண்களெல்லாம் குடத்தோடு குழாயடியில் கூடுவார்கள். பூங்காவனம் நாற்காலி போட்டு உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டே சபையை நடத்துவாள். பக்கத்தில் அவள் கணவர் வரதன். கல்யாணமான நாளிலிருந்து பேச வாய்ப்பு கிடைக்காததால், கேட்பதில் டாக்டர் பட்டம் வாங்கும் அளவுக்குத் தேறியவர்.

சபை களைகட்டிய நேரத்தில் தேவாவின் பைக் வந்து நின்றது.

“இன்னாடி, மெசேஜ்லயே கழட்டி உடுறியா? ஏறு வண்டில.”

“வரமாட்டேன் தேவா. எல்லாம் முடிஞ்சுபோச்சு.”

கையைப் பிடித்து முறுக்கினான். பூங்காவனம் நாற்காலியிலிருந்தே குரல் கொடுத்தாள்.

“ஏய் நைனா! யார்ரா நீ? வயசுப் பொண்ணு கைய புட்சு முறுக்கிகினு கீற? உட்றா மொதல்ல!”

தேவா விட்டான். விட்டுவிட்டுச் சிரித்தான். “நீங்க பாவம்மா. யார ஊட்டுல வச்சுகினு கீறீங்கன்னு உங்களுக்கே தெரியாது. இவளுக்கு எய்ட்ஸு! பொறப்புலேர்ந்து! தைராய்டுன்னு சொல்லி உங்க தலையில மொளகா அரச்சுகினு கீறா!”

குடங்கள் நிரம்பி வழிந்தன, குழாயை மூட ஆளில்லை. ஒருத்தி குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பூங்காவனத்தின் கை கீரையில் நின்றுவிட்டது. நேற்று எழில் வீட்டு டம்ளரில் டீ குடித்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கீரைத் தட்டைக் கொஞ்சம், மிகக் கொஞ்சம், தன் பக்கம் நகர்த்தினாள். எழில் அதைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக அவள் பயந்தது அந்தக் கொஞ்சத்துக்குத்தான்.

அப்போது மணி எட்டு.

எழிலின் கையில் சேவல் கூவியது. வழக்கம்தானே என்று யாரும் திரும்பவில்லை. ஆனால் அதே விநாடி தேவாவின் சட்டைப் பையிலும் ஒரு சேவல் கூவியது. அதே கூவல், கடைசியில் அதே மாதிரி குரல் உடைந்து கோழியாக முடிகிற கூவல். தேவா பதறிப் பையில் கைவிட்டான். போன் வழுக்கிச் சேற்றில் விழுந்து, சேற்றிலிருந்தபடியே விடாமல் கூவியது.

பூங்காவனம் எழிலின் கையைப் பார்த்தாள், சேற்றைப் பார்த்தாள், தேவாவைப் பார்த்தாள்.

“இன்னாப்பா,” என்றாள் நிதானமாக, “உனக்கும் ராத்திரித் தைராய்டா?”

வரதன் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரிப்பை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டதாகக் குழாயடியில் இன்றும் சாதிப்பவர்கள் உண்டு.

தேவாவின் முகத்தில் ரத்தம் இல்லை. ஆம்பிளைக்கு என்ன வந்துவிடும், போவது அவள் மானம்தானே என்று நினைத்து வந்தவன், இப்போது எழிலைப் பார்த்தான். சொல்லாதே என்று கெஞ்சியது அந்தப் பார்வை. பத்து ஜோடிக் கண்கள் எழிலின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரே ஒரு வார்த்தை போதும். இத்தனை நாள் அவன் அவளை மிரட்டிய அதே ஒரு வார்த்தை.

எழில் குனிந்து அவன் போனை எடுத்து, அலாரத்தை அணைத்து, சட்டையில் துடைத்து அவனிடம் நீட்டினாள்.

“ஆன்ட்டி, இவன் சேவலப் பத்தி யாரும் கேக்காதீங்க. இவன் ஒடம்புல இன்னா கீது, இன்னா இல்லங்கறது இவன் விஷயம். அதை நான் சொல்லவே மாட்டேன், சத்தியம் பண்ணியிருக்கேன்.” போனை அவன் கையில் திணித்துவிட்டுத் தொடர்ந்தாள். “இவன் என்னைப் பத்திச் சொன்னது நெஜம்தான். பொய் சொல்லித்தான் உங்க ஊட்டுக்கு வந்தேன். அதுக்கு இன்னா சொல்றீங்களோ சொல்லுங்க. ஆனா இதையும் பாத்துட்டுச் சொல்லுங்க.”

முழுக்கைச் சட்டையைத் தோள் வரை சுருட்டினாள். பழையது மஞ்சளாக, புதியது நீலமாக, விரல் விரலாகப் பதிந்திருந்தது.

பூங்காவனம் எழுந்தாள். அவள் எழுந்தால் நாற்காலி ‘அப்பாடா’ என்று பெருமூச்சு விடும். கிட்டே வந்து, கண்ணைச் சுருக்கி, அந்தக் கையைப் பார்த்தாள்.

“அவன் சொன்ன வியாதி எனக்குப் புரியாது. அதுக்கு டாக்டரு வேணும். இது புரியுது. இந்த அஞ்சு வெரலப் பாக்க ஸ்கேனும் வேணாம், ரத்தமும் எடுக்க வேணாம்.” தேவா பக்கம் திரும்பினாள். “ஏய், கெளம்பு! இல்ல, கெளம்பாத! நில்றா அங்கியே!” அந்த அதட்டலில் கொரட்டூரில் ரயில் நின்றது என்பார்கள். தேவா நின்றது நிச்சயம்.

181-க்கு எழிலே பேசினாள். மகளிர் போலீஸ் இருவர் வந்தார்கள். பாடி மேம்பால நெரிசலில் சிக்கி வியர்த்து விறுவிறுத்து கிருஷ்ணப்பிரியாவும் வந்து சேர்ந்தாள். புகார் பதிவானது. இனி எழில் இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்று தேவாவிடம் எழுதி வாங்கினார்கள்.

இந்தக் கலவரத்தில் எட்டு மணி மாத்திரை தாமதமாகிவிட்டது. பூங்காவனம்தான் ஞாபகம் வந்து ஒரு சொம்பு தண்ணீரை நீட்டினாள். எழில் விழுங்கிவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தபோது, வாங்கும் கை ஒரு நொடி தயங்கியது. பூங்காவனத்துக்குத் தன் கைமீதே கோபம் வந்தது. மறுநாள் எழிலையும் இழுத்துக்கொண்டு மையத்துக்குப் போய் கிருஷ்ணப்பிரியாவின் எதிரில் உட்கார்ந்து, போலீஸ் கேட்காத கேள்வியெல்லாம் கேட்டாள்.

“தொட்டா வராது. சேர்ந்து சாப்பிட்டா வராது. ஒரே டம்ளர்ல குடிச்சா வராது, கொசு கடிச்சா வராது,” என்றாள் கிருஷ்ணப்பிரியா. “மாத்திரையை ஒழுங்கா போட்டு கிருமி இப்படியே அடங்கியிருந்தா, நாளைக்கு இவளைக் கட்டிக்கறவனுக்குக்கூட இவகிட்டேர்ந்து வராது.”

“இன்னாது! அப்ப யாரு வோணா கட்டிக்கலாமா? அந்தப் பேமானி, தன்னை உட்டா ஆளில்லன்னு சொல்லித்தானே இவள அடிச்சுகினு இருந்தான்?”

“யாரை வேணா கட்டிக்கலாம்மா. உண்மையைச் சொல்லி, ரெண்டு பேருக்கும் பிடிச்சிருந்தா போதும். கட்டிக்காமலும் இருக்கலாம்.”

எழில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மையத்தில் ஏற்கெனவே சொல்லியிருந்த விஷயம்தான். ஆனால் ‘யாரு வோணா கட்டிக்கலாமா’ என்று பூங்காவனத்தின் தொண்டையில் கேட்டபோதுதான் நம்பிக்கை வந்தது.

அன்று மாலை குழாயடியில் பூங்காவனம் ஓர் உத்தரவு போட்டாள். எழிலின் விஷயம் இந்தக் கேட்டைத் தாண்டிப் போனால், தாண்டிய நாளிலிருந்து மோட்டார் கிடையாது. கோடைக் காலம் வேறு. சட்டத்துக்குப் பயப்படாதவர்களும் மோட்டாருக்குப் பயந்தார்கள். பாவம், மிகவும் கஷ்டப்பட்டது பூங்காவனமேதான். இத்தனை பெரிய ரகசியத்தை உள்ளே வைத்துப் பழக்கமில்லாத உடம்பு. ஒரு வாரம் விக்கல், அப்புறம் வயிற்று உப்புசம். வரதன் ஓமவாட்டர் வாங்கி வாங்கி ஓய்ந்தார். தேவா கைநீட்டிய கதை மட்டும் ஆவடி தாண்டி, திருநின்றவூர் தாண்டிப் போய்விட்டது. அவன் என்ன சொல்லிக் கத்தினான் என்பது கேட்டுக்குள்ளேயே நின்றது.

அடுத்த ஞாயிறு சங்கத்தில் தேவா இல்லை. அவனுக்கு வேறு நாள், வேறு ஆலோசகர், மாத்திரை மட்டும் தடையில்லாமல். எழில் எழுந்து நின்றாள். முழங்கைக்கு மேலேயே கை முடிந்துவிடும் சட்டை போட்டிருந்தாள்.

“நாம சின்ன வயசுல பண்ண சத்தியம் சரியான சத்தியம்தான். நான்தான் அதைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். நம்ம நோயை வெளியில சொல்லாம இருக்கறது நம்ம உரிமை. நம்மள அடிக்கறவனை வெளியில சொல்லாம இருக்கறது யாரோட உரிமையும் இல்ல, கடமையும் இல்ல. ‘உனக்கு என்னை விட்டா யாரு’ன்னு ஒருத்தன் கேட்டா, அது காதல் இல்ல, பூட்டு. அவனும் நம்மாளா இருந்தாலும் அது பூட்டுதான். மொத அடியிலயே சொல்லிடுங்க. நான் அப்படிச் சொல்லியிருந்தா இத்தனை மாசம் வெயில்ல முழுக்கைச் சட்டை போட்டிருக்க மாட்டேன்.”

யாரும் கை தட்டவில்லை. மூலையில் ஒரு பெண் மட்டும் தன் துப்பட்டாவைக் கையிலிருந்து மெல்ல விலக்கி, கிருஷ்ணப்பிரியாவைப் பார்த்தாள். கிருஷ்ணப்பிரியா நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கடைசியாக ஒரு தீர்மானம் நிறைவேறியது: சேவல் வேண்டாம். புது அலாரம் வேண்டும். அன்று சாயங்காலமே எழில் போனைப் பூங்காவனத்தின் வாய்க்கு நேரே பிடித்தாள். அத்தனை நாள் அடைத்து வைத்திருந்த தொண்டை அணை உடைந்தது போலத் திறந்தது.

இப்போது ராத்திரி எட்டு மணிக்கு, பூந்தமல்லியில், ஆவடியில், மாங்காட்டில், யார் யார் பையிலோ, தலையணைக்கடியிலோ, ஒரே குரல் ஒரே நேரத்தில் முழங்குகிறது. தேவாவின் போனுக்கும் கிருஷ்ணப்பிரியா அனுப்பியிருக்கிறாள். மாத்திரையில் யாரையும் தள்ளி வைப்பதில்லை.

“எட்டாச்சு கண்ணு! ராத்திரித் தைராய்ட முழுங்கு! எவனாச்சும் கைய நீட்னா எங்கிட்ட சொல்லு!”